இத்தா வீட்டில் வெள்ளிக்கிழமை வகுப்பு

அத்தியாயம் 11

சென்ற வாரம் லத்திபா தன் கணவனின் அண்ணன் மகள் ஃபர்ஹீனிடம் ஒரே ஒரு செய்தியைச் சொல்லி அனுப்பினாள். "திங்கக்கிழமை உத்தமபாளையத்துக்குப் பரீட்சைக்குப் போகணும், ஒரு ஆட்டோ சொல்லி வைக்கச் சொல்லு உங்க அத்தாகிட்ட." அந்த ஆட்டோ இன்னும் வரவில்லை. அதற்குள் கம்பத்தில் அதைப் பற்றிப் பேசாத வாய் இல்லை.

பேசுவதற்கு விஷயம் இருந்தது. கணவனைப் பறிகொடுத்த பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும். அதற்குப் பெயர் இத்தா. ஏலக்காய் ஏற்றப் போன ஜீப் குமுளி மலைப்பாதையில் கவிழ்ந்து லத்திபாவின் கணவன் சலீம் மவுத்தாகி, அந்தக் கெடுவில் பாதிதான் கழிந்திருந்தது.

அதிலும் லத்திபா யாரோ எவரோ இல்லை. நிஸ்வான் மதரஸாவில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கிற ஆலிமா. மார்க்கத்தில் ஒரு சந்தேகம் என்றால், பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் போய்க் கேட்கக் கூச்சப்படும் ஊர்ப் பெண்களெல்லாம் அவளிடம்தான் வருவார்கள். அவள் கூடும் என்றால் கூடும், கூடாது என்றால் கூடாது. சட்டம் சொல்கிறவளே வாசற்படி தாண்டப் போகிறாள் என்றால் ஊருக்கு வேறு என்ன பொழுதுபோக்கு வேண்டும்?

வெள்ளிக்கிழமை மதியம். ஜும்மா தொழுகை முடிந்து ஆண்கள் பிரியாணிக்கும் தூக்கத்துக்கும் வீடு திரும்பும் நேரம். லத்திபாவின் அறையில் ஏழெட்டுப் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

"வேலூர்ப் புரட்சிக்கு என்ன காரணம்? யாராச்சும் சொல்லுங்க பாப்போம்," என்றாள் கயல் டீச்சர்.

காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்து வாரா வாரம் வருகிறவள் அவள். மதரஸாவுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த விடுமுறையில்தான் இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் வரலாறும். அஞ்சு வருடம் அரபி ஓதி வாங்கும் சான்றிதழை எந்த ஆபீஸிலும் யாரும் மதிப்பதில்லை. கூடவே பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வாக எழுதிவிட்டால் பிழைத்துக்கொள்வார்கள் என்று மூன்று வருடத்துக்கு முன்னால் கமிட்டியிடம் மன்றாடி இந்த வகுப்பைத் தொடங்க வைத்தவள் லத்திபா. மற்றப் பாடங்களைப் பிள்ளைகள் எப்படியோ முட்டி மோதித் தாண்டிவிட்டார்கள். இந்த இரண்டில்தான் சிக்கிக்கொண்டு நின்றார்கள்.

அவர்களோடு லத்திபாவும் சிக்கி நின்றாள். அதுதான் இந்த வகுப்பின் வேடிக்கை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓத வந்தவள் அவள். சனி முதல் வியாழன் வரை அவள் உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கும் பிள்ளைகள், வெள்ளிக்கிழமை அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, "ஆலிமாம்மா, இந்தக் கேள்விக்கு என்ன எழுதுனீக?" என்று எட்டிப் பார்ப்பார்கள். இத்தாவில் அவள் மதரஸாவுக்குப் போக முடியாது என்றதும் வகுப்பே அவள் அறைக்கு இடம் மாறி வந்தது.

"தலப்பாக மாத்தச் சொன்னாக மிஸ். தாடிய எடுக்கச் சொன்னாக, காதுல கெடந்த கடுக்கனக் கழத்தச் சொன்னாக," என்றாள் ஷர்மின். கூட்டத்தில் முதல் ஆள் எப்போதும் அவள்தான்.

"கரெக்ட். லத்திபாம்மா, நீங்க வருஷம் சொல்லுங்க."

"ஆயிரத்து எண்ணூத்தி ஆறு," என்றாள் லத்திபா. சலீம் இருந்தபோது, வியாழக்கிழமை இரவுகளில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவன்தான் வருடங்களைக் கேட்பான். தப்பாகச் சொன்னால், "போச்சு, அரபி டீச்சர் அவுட்டு," என்று சிரிப்பான். சிரிக்கத் தெரிந்த மனுஷன். போய்ச் சேர்ந்துவிட்டான்.

வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ கூடத்தில் நடந்து வந்து அறைத் திரைக்கு வெளியே நின்றார்கள். அத்தர் வாசனை முதலில் வந்தது.

"டீச்சர் இருக்காகளா?"

"இருக்காக அத்தா," என்றாள் ஃபர்ஹீன்.

உமர் பாருக். கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருப்பவர், மதரஸா கமிட்டியின் செயலாளர், சலீமின் அண்ணன், ஃபர்ஹீனின் தகப்பன். இத்தா இருக்கும் தம்பி மனைவிக்கு முன்னால் அவர் வரமாட்டார். பேச்செல்லாம் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்துதான்.

"லத்திபா, ஜும்மா முடிஞ்சு நேரா வாரேன். பள்ளிவாசப் படியில என்னைய நிறுத்தி வச்சுக் கேக்குறாக."

"என்ன கேக்குறாக மச்சான்?"

"ஒந்தம்பி கபுரு மண்ணு இன்னும் காயல, அவன் பொண்டாட்டி பரீட்சை எழுதப் போறாளாமேன்னு கேக்குறாக. நான் என்னத்தச் சொல்ல?"

"பகல்ல தேவைக்குப் போயிட்டு ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்துறலாம்னு மார்க்கக் கிதாபுல இருக்கு. அதச் சொல்லுங்க."



"கிதாபுல என்ன இருக்குன்னு உன் அளவுக்கு எனக்குத் தெரியாதும்மா. ஆனா ராபியத்துக்கு நீ சொன்னது ஊருக்கே தெரியும்."

பாயில் இருந்த பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. எல்லோரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். ஷர்மின் மட்டும் தன் கைவிரல்களைப் பார்த்தாள். ராபியத்து அவளுடைய அம்மா.

நடந்தது இதுதான். மூன்று வருடத்துக்கு முன்னால் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ராபியத்து கணவனை இழந்து இத்தாவில் இருந்தாள். ஒருநாள் உச்சிப்பொழுதில் அவள் வீட்டுப் பக்கத்துக்காரி மதரஸாவுக்கு மூச்சிரைக்க ஓடி வந்தாள். கூடலூரில் ராபியத்தின் அம்மா மவுத்தாகிவிட்டாள். மையித்தை எடுப்பதற்குள் மகள் போய் முகம் பார்க்கலாமா?

லத்திபா அப்போதுதான் ஆலிமாப் பட்டம் வாங்கி ஓதிக் கொடுக்க வந்திருந்தாள். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பிள்ளைகளெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிதாபைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. புது ஆலிமாவுக்கு இதுகூடத் தெரியாதா என்று நினைத்துவிட்டால்?

"கூடாது. இத்தாவுல வாசப்படி தாண்டக் கூடாது," என்றாள். சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தாள்.

ராபியத்து போகவில்லை. அரை மணி நேர பஸ் தூரத்தில் அவளுடைய அம்மாவைக் கொண்டுபோய் அடக்கினார்கள். ஊர் ராபியத்தை மெச்சியது, லத்திபாவையும் மெச்சியது. இளவயசு ஆலிமா, ஆனால் சட்டமென்றால் சட்டம், இரக்கம் பார்க்காமல் பட்டென்று சொல்லிவிட்டாள் பார் என்றார்கள்.

அந்த வருடக் கடைசியில் அதே பாடத்தை நடத்துவதற்காகக் கிதாபைப் பிரித்தபோது லத்திபா ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். பகலில் தேவைக்குப் போகலாம் என்று தெளிவாகவே இருந்தது. ராபியத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். நாளைக்கு என்றாள். நோன்பு முடியட்டும் என்றாள். பிறகு ராபியத்தைத் தெருவில் பார்த்தால் சலாம் சொல்லிவிட்டு வேகமாக நடக்கத் தொடங்கினாள்.

"என்ன பேச்சையே காணோம்?" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல்.

"சொன்னேன் மச்சான். சொன்னது நெசந்தான்."

"அப்புறம் என்ன? கூலிக்காரிக்கு ஒரு சட்டம், செயலாளர் வீட்டுக்கு ஒரு சட்டமான்னு கேக்குறாக. கேக்குறதுல என்ன தப்பு இருக்கு? சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பெறகு கமிட்டி கூடுது. எனக்கும் இத்தாவுல கூடாதுதான், நான் போகலைன்னு நீயே ஒரு வார்த்த சொல்லு. அதக் கொண்டுபோயி நான் கமிட்டியில வச்சிர்றேன். வகுப்பு அதுபாட்டுக்கு நடக்கும். புள்ளைகளத் திங்கக்கிழமை நானே வேன் வச்சு அனுப்புறேன்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா வகுப்ப இன்னையோட மூடிருவாக. இங்கிலீசு படிக்கப் போயித்தான் ஆலிமாவே இப்படி ஆயிட்டாகன்னு சொல்லி முடிச்சிருவாக. ஒரு புள்ளையும் பரீட்சைக்குப் போகாது."

போகத் திரும்பிய காலடி நின்றது. "அவன் போனதுல ஒனக்கு மட்டுந்தான் நட்டமாம்மா? நான் தூக்கி வளத்த தம்பி. அவனுக்காகத் துஆ கேக்க வேண்டிய நேரத்துல, பள்ளிவாசப் படியில நின்னு ஒனக்காக பதில் சொல்லிக்கிட்டுத் திரியிறேன். சாப்பிட்டு வாரேன். யோசிச்சு வையி."

காலடிச் சத்தம் அவர் குடியிருக்கும் மாடிக்கு ஏறி மறைந்தது.

உமர் பாருக்கைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடிந்தால் இந்தக் கதை சுலபமாக இருக்கும். இந்த வகுப்புக்காகக் கமிட்டியில் மேசையைத் தட்டிப் பேசியவரே அவர்தான். தட்டிய கைதான் இப்போது மூடவும் வருகிறது. யாரைத் திட்டுவது என்று லத்திபாவுக்குத் தெரியவில்லை.

"பரீட்சை மறுபடியும் செப்டம்பர்ல வருது," என்றாள் கயல், பிள்ளைகளுக்குக் கேட்காத குரலில்.

"வரும் டீச்சர். வேலை ஜூன்ல போயிரும்."

உத்தமபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அரபி ஆசிரியை வேலை. அந்தத் தாளாளர் நல்ல மனிதர், ஜூன் வரைக்கும் இடத்தை நிறுத்தி வைக்கிறேன், பத்தாம் வகுப்பு பாஸ் என்று மட்டும் காட்டு என்று சொல்லியிருந்தார். அந்த வேலை கிடைத்தால் லத்திபாவும் நாலு வயது அஃப்ரினும் தனியாக ஒரு வீடு பார்த்துக்கொள்ளலாம்.

கிடைக்காவிட்டால் என்ன என்பதும் அவளுக்குத் தெரியும். மாமனார் உயிரோடு இருக்கிறார். தகப்பன் இருக்கும்போதே ஒரு மகன் முந்திச் செத்துப்போனால், இன்னொரு மகன் இருக்கிற வீட்டில், முந்தியவனின் பிள்ளைக்குப் பங்கு இல்லை. இதை லத்திபாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டாம். பாகப்பிரிவினைப் பாடத்தைப் போர்டில் கட்டம் போட்டு வருடா வருடம் நடத்துகிறவளே அவள்தான். எந்தக் கட்டத்திலும் அஃப்ரினின் பெயர் வராது. தகப்பன் இல்லாத பிள்ளை என்று பெரியவர்கள் பார்த்துக் கொடுத்தால் உண்டு. பார்த்துக் கொடுக்கிற கையைப் பார்த்துக்கொண்டே ஒரு பெண்பிள்ளையை வளர்ப்பது என்ன பிழைப்பு?

"எங்க பெரியம்மாவையும் வெள்ளச் சீலையக் குடுத்து மூலையில உக்கார வச்சாக," என்றாள் கயல். "ஆனா அவுகளுக்குச் சட்டம் சொன்னது ஊரு. உங்க சங்கதி அப்படி இல்ல. நீங்க சொன்னதே உங்களுக்குக் குறுக்க வந்து நிக்கிது. நான் வெளி ஆளு, இதுக்கு மேல பேசக் கூடாது."

அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த ஃபர்ஹீன் நகர்ந்து வந்து லத்திபாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"சின்னம்மா, ஒரு வார்த்ததான? சொல்லிட்டா என்ன கொறஞ்சிரப் போகுது? நான் பாஸாயிட்டா மேலயும் இப்படியே எழுதிக்கன்னு அத்தா ஒத்துக்கிட்டாக. இல்லைன்னா என்னையப் பொண்ணு கேட்டு வந்த அந்தச் சின்னமனூர்க்காரகளுக்குச் சரின்னு சொல்லிருவாக. அவுக ஆனியிலயே நிக்காஹ் வேணுமுன்னு நிக்கிறாக."

"நான் சொல்ற வார்த்த பொய்யி ஃபர்ஹீன்."

"ராபியத்து மாமிக்கு மட்டும் என்ன நெசத்தையா சொன்னீக?"

சொன்ன பிறகு பெண்ணே பயந்துபோய் வாயைப் பொத்திக்கொண்டாள். லத்திபா அவளை அடிக்கவில்லை, அதட்டவும் இல்லை. பதினாறு வயதுக்குத் தெரிகிறது. ஊருக்கும் தெரிந்திருக்குமோ என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் உமர் பாருக் படியிறங்கி வந்தார். வாசல் பக்கமிருந்து இன்னொரு காலடியும் வந்தது.

"லத்திபா, ராபியத்த வரச் சொல்லியிருந்தேன். உள்ள வருது. நீ சொல்லப் போறத அது காதாலயே கேக்கட்டும். நாளைக்கு யாரும் ஒரு சொல்லுச் சொல்லக் கூடாது பாரு."

திரையை விலக்கிக்கொண்டு ராபியத்து உள்ளே வந்தாள். நாற்பதைத் தாண்டிய, ஒடிசலான பெண். தோட்டத்துக் காலை வெட்டுக்குப் போய்விட்டு நேரே வந்திருப்பாள் போல. கைகளில் பன்னீர்த் திராட்சைக் கறை நகம் வரைக்கும் ஏறியிருந்தது. சலாம் சொன்னாள். லத்திபா பதில் சலாம் சொல்லி, "உக்காருங்கக்கா," என்றாள்.

"உக்கார வரல ஆலிமாம்மா. எம்மகளக் கூட்டிட்டுப் போகணும், அப்படியே நீங்க என்னமோ சொல்லணுமாம், அதையும் கேட்டுக்கச் சொன்னாக."

"ஷர்மின் நல்லாப் படிக்கிறா," என்று கயல் நடுவில் புகுந்தாள். "இந்தக் கூட்டத்துலயே முதல் ஆளு."

"தெரியும் டீச்சர். கொடிப்பந்தலுக்குக் கீழ கழுத்த அண்ணாந்துக்கிட்டே நின்னு நின்னு எனக்கு ராத்திரியில தலயத் திருப்ப முடியாது. அவ அங்கன வந்து நிக்கக் கூடாதுன்னுதான் நிக்கிறேன்." ராபியத்து லத்திபா பக்கம் திரும்பினாள். "அந்த வார்த்தையச் சொல்லிருங்கம்மா. எம்புள்ள பரீட்சைக்குப் போகட்டும். எனக்குச் சொன்ன அதே வார்த்ததான? உங்களுக்குப் புதுசா என்ன?"

கூடாது. மூணே எழுத்து. சொல்லிவிட்டால் ஃபர்ஹீனின் கல்யாணம் தள்ளிப்போகும், ஷர்மின் வேனில் ஏறுவாள், மச்சான் தலை நிமிர்ந்து பள்ளிவாசலுக்குப் போவார், ஊர் இன்னொரு முறை மெச்சும். லத்திபாவின் நாக்கு நுனி வரைக்கும் அது வந்துவிட்டது. இத்தனை பேருக்கு நல்லது செய்கிற பொய்யை அவள் இதுவரை பார்த்ததில்லை.

ஆனால் எதிரே நிற்பவள் ராபியத்து. இவள் முகத்தைப் பார்த்து இரண்டாவது தடவையாக அதே பொய்யை எப்படிச் சொல்வது?

"அக்கா, அது தப்பு. பகல்ல போயிட்டு வரலாம். அன்னைக்கே நீங்க போயிருக்கலாம். உங்கம்மாவப் பாத்துட்டுப் பொழுது சாயிறதுக்குள்ள வந்திருக்கலாம்."

"தெரியும்," என்றாள் ராபியத்து.

நகத்தில் ஏறிய கறையைச் சுரண்டிக்கொண்டே மேலும் சொன்னாள்.

"எங்கம்மாவுக்கு வருசம் திரும்பி கத்தம் ஓதுனப்ப கூடலூர் ஹஸ்ரத்து கேட்டாக. ஏம்மா, பகல்ல வந்துட்டுப் போயிருக்கலாமே, யாரு வேணாம்னதுன்னு. நான் உங்க பேரச் சொல்லல."

"ஏன்க்கா எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டு? உங்களோட சண்ட போட்டுட்டு எம்மகள எங்கன கொண்டுபோயி இங்கிலீசு படிக்க வைக்க? வேற யாரு வச்சிருக்கா இந்த ஊர்ல?" ராபியத்து ஒரு அடி நெருங்கி வந்தாள். "உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"அந்த வருசக் கடைசியிலயே."

"அப்ப ரெண்டு பேருக்குந் தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் ரெண்டு பேரும் சலாம் சொல்லிக்கிட்டு இருந்திருக்கோம்." அவள் சிரிப்பது போல உதட்டை இழுத்தாள். "எனக்குன்னு வந்தப்ப பூட்டிக் கெடந்த கிதாபு, உங்களுக்குன்னு வந்ததும் தெறந்துக்கிருச்சு."

ராபியத்து சொன்னது அப்பட்டமான நிஜம். இந்த உண்மையால் ராபியத்துக்கு மட்டும் லாபம் இருந்த காலத்தில் அது லத்திபாவின் வாய்க்குள்ளேயே கிடந்தது. இப்போது அதே உண்மையால் லத்திபாவுக்கு ஒரு வேலை கிடைக்கும். இன்றைக்குச் சொன்னால் எவள் நம்புவாள்? அவளுக்கே தன்மேல் நம்பிக்கை இல்லை.

"நேரமாச்சு லத்திபா," என்றார் உமர் பாருக். "பாங்கு சொல்லிருவாக."

"நீங்களே சொல்லுங்கக்கா. நான் என்ன சொல்லட்டும்?"

ராபியத்தின் முகம் இறுகியது. "அன்னைக்கு நான் உங்ககிட்டக் கேட்டேன். இன்னைக்கு நீங்க எங்கிட்டக் கேக்காதீக."

லத்திபா எழுந்தாள். துப்பட்டியை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கூடத்தில் கட்டிலில் படுத்திருக்கும் மாமனாருக்கும், வாசலில் வேடிக்கை பார்க்க வந்து நிற்கும் அடுத்த வீட்டுப் பெண்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினாள்.

"மச்சான், கூடும். எனக்கும் கூடும், ராபியத்தக்காவுக்கு அன்னைக்கும் கூடும். நான் கிதாபப் பாக்காமத் தப்பாச் சொல்லிட்டேன். தப்புன்னு தெரிஞ்ச பெறகும் மறச்சு வச்சிருந்தேன். கமிட்டியில இத அப்படியே சொல்லுங்க."

வாசலில் யாரோ, "யா அல்லாஹ்" என்றார்கள்.

ராபியத்துக்காகச் சொன்னாளா, உத்தமபாளையத்து வேலைக்காகச் சொன்னாளா? அந்த நிமிஷத்தில் யாராவது கேட்டிருந்தால் அவளால் சத்தியம் செய்து பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

உமர் பாருக் மெதுவாகப் பேசினார். அவர் கத்தியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"இனிமே இந்த ஊர்ல எந்தப் பொம்பள ஒங்கிட்ட வந்து மார்க்கச் சந்தேகம் கேப்பா? ஓதிக் குடுக்குற வேலைக்கும் நீயே உலை வச்சுட்ட. வகுப்பும் போச்சு."

"வகுப்ப நான் மூடல மச்சான்."

"நீதான் மூடுன. பூட்டுப் போடுறது மட்டுந்தான் நாங்க." என்றார் அவர். "திங்கக்கிழமை நீ போறதுன்னா போ. ஆனா என் வாசல்ல ஆட்டோ நிக்காது. போறவ திரும்பி இந்த வாசலுக்கு வரலாமான்னும் கிதாபுல பாத்துக்க."

அவர் போய்விட்டார். ஃபர்ஹீன் புத்தகங்களை அள்ளி மார்போடு சேர்த்துக்கொண்டு எழுந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் இருந்தது.

"உங்களுக்கு வேலை வேணும், உங்களுக்கு மனசும் சுத்தமாகணும். எங்களுக்கு என்ன சின்னம்மா வச்சிருக்கீக? சின்னமனூரா?"

பதிலுக்குக் காத்திராமல் போனாள். மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருவராக எழுந்தார்கள். வழக்கமாக வகுப்பு முடிந்ததும் ஆளாளுக்குச் சலாம் சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போவார்கள். இன்றைக்கு வாசலில் செருப்பு தேடும் சத்தம் மட்டும்தான் வந்தது. ஷர்மின் அம்மாவைப் பார்த்தாள்.

"நீ முன்னால போ. நான் வாரேன்," என்றாள் ராபியத்து.

கயல் பையை மாட்டிக்கொண்டு லத்திபாவின் கையைப் பிடித்தாள். "திங்கக்கிழமை ஒம்பது மணிக்கெல்லாம் நான் அந்தப் பள்ளிக்கூட வாசல்ல நிப்பேன். எத்தன பேரு வாரீகளோ வாங்க. யாருமே வரலைன்னாலும் நான் நிப்பேன்." அவளும் போனாள்.

அஸர் தொழுகைக்கான பாங்கு ஒலிபெருக்கியில் எழுந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கமிட்டி கூடும். அறையில் அஃப்ரின் மூலையில் தூங்கிக்கொண்டிருந்தாள். ராபியத்தைத் தவிர வேறு யாரும் இல்லை.

உட்காரமாட்டேன் என்று நின்ற ராபியத்து அப்போதுதான் சுவரோரமாகப் பாயில் உட்கார்ந்தாள். கறை படிந்த உள்ளங்கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"இனிமே ஊருக்கே தெரிஞ்சிரும், நான் போயிருக்கலாம்னு."

"ஆமாக்கா. என்னைய மன்னிச்சிருங்க."

ராபியத்து அதைக் காதில் வாங்கிக்கொண்டதாகவே தெரியவில்லை.

"எங்கம்மாவோட பேரப்புள்ளைக, எந்தங்கச்சி மக்க கேக்குங்க, நன்னி மவுத்துக்கு நீங்க ஏன் பெரியம்மா வரலைன்னு. மார்க்கம் கூடாதுன்னு சொல்லிருச்சு, என்ன செய்யிறதும்பேன். தெரிஞ்ச பெறகும் அதத்தான் சொன்னேன். எனக்கு நானே சொல்லிக்கிட்டதும் அதான். அதச் சொல்லிக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப அதையும் நீங்க எடுத்துக்கிட்டீக."

"அக்கா..."

"அரை மணி நேர பஸ்ஸு. எங்கம்மாவ எனக்காகப் பொழுது எறங்குற வரைக்கும் எடுக்காம வச்சிருந்தாக." அவள் நிமிர்ந்து லத்திபாவை நேருக்கு நேர் பார்த்தாள். "போயிப் பாக்கலாம்னு இப்பச் சொல்றீகளே ஆலிமாம்மா, நான் எங்கன போயிப் பாக்கட்டும்?"